தொண்டைச் சீழ்க்கட்டியும் காலத்தே கிட்டும் சிகிச்சையும்

தொண்டை வலி யாவருக்கும் பழக்கமான நோய். மழைக்காலம் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகளிடையே அது பரவுவதும், உப்புநீர்க் கொப்பளிப்பும் மிளகுப் பாலுமே மருந்தாக நான்கைந்து நாட்களில் அது தணிந்துவிடுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸ் கிருமிகளால் தோன்றுபவை. அவை தனி மருந்து ஏதுமின்றி ஒரு வாரத்திற்குள் ஆறிவிடுகின்றன.

ஆயினும், அவற்றுள் மிகச் சில ஆறுவதில்லை. தொண்டையின் ஒரு பக்கத்திலோ, நாக்கின் அடியிலோ, கழுத்தின் ஆழத்திலோ சீழ் கோத்துக்கொள்கிறது. அச்சீழ் உரிய நேரத்தில் வெளியேற்றப்படாவிடில் மூச்சுப் பாதையை அடைக்கலாம், நெஞ்சறைக்குள் இறங்கலாம், குருதியோட்டத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்கலாம். சில நாட்களுக்கு முன்பு வரை சாதாரண நோயாளியாக இருந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்படும் நிலை இவ்வாறே உருவாகிறது.

இந்நோய்க்கு மருந்து உண்டு. சீழை வெளியேற்றும் முறையும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. எனவே, இதனால் உயிரிழப்பு நேருமாயின், அதற்குப் பெரும்பாலும் காரணம் மருத்துவ அறிவின் குறையன்று. நோயாளிக்கும் சிகிச்சைக்கும் இடையே கழிந்த காலமே. அக்காலம் எங்கெங்கே வீணாகிறது, அதனைக் குறைப்பது எவ்வாறு என்பவை சுகாதார நிருவாகத்தில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் ஆராயத்தக்க வினாக்கள் ஆகும். மருத்துவக் கல்விக்குப் பெயர் பெற்ற நகரமாகவும், காடும் மலையும் சூழ்ந்த வட்டங்களுக்கு மையமாகவும் விளங்கும் மைசூரு, இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும்.

சீழ்க்கட்டியின் வகைகள்

தொண்டைச் சீழ்க்கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது டான்சிலை ஒட்டி உண்டாகும் கட்டியாகும். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்தினரையும் இளைஞர்களையும் தாக்குகிறது. டான்சில் அழற்சி முற்றி, டான்சிலுக்கும் அதனைச் சூழ்ந்த தசைக்கும் இடையே சீழ் சேர்கிறது. வலி ஒரு பக்கத்தில் கடுமையாக இருக்கும். வாயை முழுமையாகத் திறக்க இயலாது. எச்சிலை விழுங்க முடியாமல் அது வெளியே வழியும். சூடான கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறும். உள்நாக்கு நோயற்ற பக்கத்தை நோக்கித் தள்ளப்பட்டிருக்கும். கைவிளக்கு ஒன்றைக் கொண்டே இவற்றுள் பலவற்றைக் கண்டறியலாம்.

இரண்டாம் வகை தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால் தோன்றுவது. இது பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் காணப்படுகிறது. அவ்விடத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள் அவ்வயதுக்குப் பின் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். குழந்தை பாலைக் குடிக்க மறுக்கும். கழுத்தைத் திருப்பாமல் விறைப்பாக வைத்துக்கொள்ளும். மூச்சு விடும்போது ஒலி எழும். பெரியவர்களிடம் இவ்வகைக் கட்டி தொண்டையில் தைத்த மீன் முள்ளாலோ, கழுத்தெலும்பைத் தாக்கிய காசநோயாலோ உண்டாகலாம்.

மூன்றாம் வகை, நாக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் இரு பக்கங்களிலும் பரவும் அழற்சியாகும். 1836-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. இதன் தொடக்கம் பெரும்பாலும் தொண்டையில் இல்லை, பல்லில் உள்ளது. கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்கள் வாயின் அடித்தளத் தசை பற்றியிருக்கும் கோட்டிற்கும் கீழே இறங்கியிருப்பதால், அப்பற்களின் சொத்தை வழியாக நுழையும் கிருமிகள் நேரே தாடையின் அடிப்பகுதியை அடைகின்றன. தாடைக்குக் கீழே பலகை போன்ற கடினமான வீக்கம் தோன்றுகிறது. நாக்கு மேலும் பின்னும் தள்ளப்பட்டு மூச்சுப் பாதையை மறைக்கிறது. கிருமிக் கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று தக்க சிகிச்சை கிட்டும் இடங்களில் இவ்விகிதம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியுள்ளது.

கழுத்தின் அமைப்பும் ஆபத்தும்

கையிலோ காலிலோ கட்டி ஒன்று தோன்றினால் அது பழுத்து உடைந்து வெளியேறுவது இயல்பு. கழுத்தின் ஆழத்தில் தோன்றும் கட்டிக்கு அவ்வழி எளிதில் கிட்டுவதில்லை. கழுத்தின் தசைகள், குழாய்கள், நரம்புகள் ஆகியவற்றை மெல்லிய உறைகள் அடுக்கடுக்காகப் போர்த்தியுள்ளன. அவ்வுறைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தொண்டைக்குப் பின்னால் உள்ள இடைவெளிகளுள் ஒன்று கபாலத்தின் அடியில் தொடங்கி உதரவிதானம் வரை தடையின்றி இறங்குகிறது. மருத்துவ நூல்கள் இதற்கு ‘ஆபத்து வெளி’ என்றே பெயரிட்டுள்ளன. தொண்டையில் தோன்றிய சீழ் இவ்வழியே இதயத்தையும் நுரையீரலையும் சூழ்ந்த பகுதிக்குள் இறங்குமானால், நோயாளியைக் காப்பாற்றுவது பெரிய மருத்துவமனைகளிலும் கடினமாகிறது.

தொண்டையின் பக்கவாட்டு இடைவெளியில் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியும், அதனை மீட்டுவரும் கழுத்துப் பெருஞ்சிரையும் அமைந்துள்ளன. அழற்சி அப்பெருஞ்சிரையைத் தாக்கினால் அதனுள் குருதி உறைந்து, கிருமி கலந்த சிறு துணுக்குகள் பிரிந்து நுரையீரலைச் சென்றடைகின்றன. 1936-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்திரே லெமியர் இத்தகைய 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 18 பேர் இறந்திருந்தனர். தொண்டை வலியில் தொடங்கி, சில நாட்களுக்குப் பின் குளிருடன் கூடிய கடுங்காய்ச்சலும் நெஞ்சு வலியும் தோன்றுவது இதன் இயல்பு. கிருமிக் கொல்லிகள் வந்தபின் இது அரிதாகிவிட்டமையால் ‘மறக்கப்பட்ட நோய்’ என்று அழைக்கப்பட்டது. மறக்கப்பட்ட நோய், அதனை எண்ணிப் பாராத மருத்துவரிடம் வரும்போது இருமடங்கு ஆபத்தானது என்பது இங்குக் கருதத்தக்கது.

உடல் முழுவதும் பரவும் நிலை

கிருமித் தொற்றை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் முயற்சியே கட்டுக்கடங்காமற் போய், உடலின் சொந்த உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலையினை மருத்துவர்கள் ‘செப்சிஸ்’ எனக் குறிப்பிடுகின்றனர். 2016-ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் குழு இதற்கு அளித்த இலக்கணமும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. இந்நிலையில் குருதிக் குழாய்கள் தளர்ந்து குருதி அழுத்தம் வீழ்கிறது. சிறுநீரகம், நுரையீரல், மூளை ஆகியவற்றிற்குப் போதிய குருதி கிட்டுவதில்லை.

இதனை ஐயுறுவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வயது வந்த நோயாளி நிமிடத்திற்கு 22 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுதல், குருதி அழுத்தத்தின் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழே இருத்தல், அறிவு மயங்கிப் பேச்சுத் தடுமாறுதல் ஆகிய மூன்றில் இரண்டு காணப்பட்டால், நிலைமை மோசமடையக்கூடும் என்று கொண்டு உடனே செயற்பட வேண்டும். கடிகாரமும் குருதி அழுத்தமானியும் உள்ள எந்தத் துணை சுகாதார நிலையத்திலும் இவற்றை அளக்கலாம். இவை இல்லாமையால் மட்டும் ஆபத்து இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

செப்சிஸின் அளவு சிறிதன்று. 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 4 கோடியே 89 இலட்சம் பேர் இதனால் தாக்கப்பட்டதாகவும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்ததாகவும் 2020-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. தொண்டையும் பல்லும் இவற்றுள் ஒரு சிறு பகுதிக்கே காரணமாயினும், எளிதில் தடுக்கத்தக்க பகுதியாக அவை உள்ளன. செப்சிஸைத் தடுத்தலும் முன்னதாக அறிதலும் எல்லா நாடுகளின் சுகாதாரக் கொள்கையிலும் இடம்பெற வேண்டும் என 2017-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது.

நீரிழிவு நோய் இவ்வாபத்தைப் பெருக்குகிறது. நீரிழிவு உடையவர்களிடம் சீழ் விரைந்து பரவுகிறது; கட்டிகள் பல இடங்களில் தோன்றுகின்றன; ஆறுவதும் தாமதமாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துள்ளது. எனவே, தொண்டைச் சீழ்க்கட்டியை இளைஞர்க்கு வரும் அரிய நோயாக மட்டும் கருதும் காலம் கடந்துவிட்டது.

வரலாறு காட்டும் படிப்பினை

அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் தொண்டை நோயால் இறந்தார். நோய் முற்றிய இரண்டு நாட்களுக்குள் அவர் மூச்சடைத்து உயிர் துறந்தார். அவருடைய மருத்துவர்கள் அக்கால வழக்கப்படி மீண்டும் மீண்டும் குருதியை வடித்தனர். மூச்சுக்குழலில் துளையிடலாம் என்று அவர்களுள் இளையவர் கூறிய யோசனை ஏற்கப்படவில்லை. நோய் குரல்வளை மூடியின் அழற்சியாக இருந்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவர் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், மூச்சுப் பாதையைக் காப்பதே முதற்கடமை என்னும் உண்மை அந்நிகழ்ச்சியால் விளங்குகிறது.

1928-ஆம் ஆண்டில் பெனிசிலின் கண்டறியப்பட்டதும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பேரளவில் உற்பத்தியானதும் நிலைமையை மாற்றின. சுதந்திர இந்தியா இம்மருந்தைத் தன் மண்ணிலேயே உற்பத்தி செய்ய விழைந்தது. புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் 1954-இல் பொதுத்துறையில் தொடங்கப்பட்டது. விலையுயர்ந்த இறக்குமதிச் சரக்காக இருந்த மருந்து மாவட்ட மருத்துவமனைகளுக்கும் எட்டுவதற்கு அம்முயற்சி துணை செய்தது.

ஆனால், மருந்து எளிதாகக் கிட்டியதால் ஒரு தவறான நம்பிக்கையும் வளர்ந்தது. சீழ் கோத்துக்கொண்ட கட்டிக்குள் குருதியோட்டம் குறைவு. எனவே, அங்கு மருந்து போதிய அளவில் செல்வதில்லை. அழற்சி தொடக்க நிலையில் இருக்கும்போது மருந்து மட்டுமே போதுமானதாக இருக்கலாம். சீழ் திரண்டபின், ஊசியால் உறிஞ்சியோ கீறியோ அதனை வெளியேற்றுவது பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்றியமையாததாகிறது. மாத்திரைகளை மாற்றி மாற்றி உட்கொண்டு கழியும் நாட்கள், கட்டி ஆழத்தில் பரவும் நாட்களே ஆகும்.

மைசூரு: வசதியும் தொலைவும்

மைசூரு சமஸ்தானம் மருத்துவக் கல்வியில் முன்னோடியாக விளங்கிய பகுதி. 1924-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைசூர் மருத்துவக் கல்லூரி 1930-இல் மைசூரு நகருக்கு மாற்றப்பட்டது. அதனுடன் இணைந்த கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனை இன்றும் சுற்று மாவட்டங்களின் ஏழை மக்கள் நாடும் பெரிய அரசு மருத்துவமனையாக உள்ளது. பேச்சு, செவித்திறன் ஆகியவற்றிற்கான அகில இந்திய நிறுவனம் 1965-இல் இந்நகரில் அமைந்தது. 1984-இல் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரி தோன்றியது. காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் வல்லுநர்கள் குறைவாக உள்ள நகரம் என்று மைசூருவைக் கூற இயலாது.

எனினும், நகரில் உள்ள வசதி நாட்டுப்புறத்தில் உள்ளவருக்கும் தானே சென்றடைவதில்லை. மைசூருவை நாடி வருவோர் மைசூரு மாவட்டத்தினர் மட்டுமல்லர். சாமராஜநகர், மண்டியா, குடகு மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தின் தென்பகுதியிலும், குண்டலுப்பேட்டை, பிளிகிரி ரங்கன் மலைப் பகுதிகளிலும் காடும் பழங்குடியினர் குடியிருப்புகளும் மிகுதி. பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் வன விலங்குகளைக் காக்கும் பொருட்டு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை 2009 முதல் உள்ளது. நோயாளர் ஊர்திகளுக்கு அத்தடையிலிருந்து விலக்கு உண்டு. இவ்விலக்கினை அறியாத குடும்பம், நோயாளியை விடியும் வரை வீட்டிலேயே வைத்திருக்கக்கூடும்.

இத்தகைய பகுதியில் காலம் எவ்வாறு கழிகிறது என்பதை விளக்கக் கற்பனைச் சான்று ஒன்றைக் கொள்ளலாம். ஹெக்கடதேவனகோட்டை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் புகையிலை வயலில் கூலி வேலை செய்யும் 45 வயதுத் தொழிலாளி ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் நெடுநாளைய சொத்தை. அவருக்கு நீரிழிவு இருப்பதை அவரே அறியார். திங்கட்கிழமை பல்வலி மிகுகிறது. கடையில் வலி மாத்திரை வாங்கி உட்கொண்டு வேலைக்குச் செல்கிறார். புதன்கிழமை தாடைக்குக் கீழே வீக்கம் தோன்றுகிறது. அது பொன்னுக்கு வீங்கி என்று அண்டை வீட்டார் கருதி, அதற்குரிய பற்றைப் போடுகின்றனர். வியாழக்கிழமை உணவு இறங்கவில்லை. மருந்துக் கடையில் கிருமிக் கொல்லி மாத்திரை நான்கு வாங்கப்படுகிறது. இரண்டை மட்டும் விழுங்க முடிகிறது. அன்றிரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறார். வெள்ளிக்கிழமை வட்ட மருத்துவமனைக்குச் செல்லும்போது மூச்சு இரைக்கிறது, பேச்சுக் குழறுகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூருவுக்கு அனுப்பப்படுகிறார்.

இவற்றுள் எந்த ஒரு முடிவும் முட்டாள்தனமானதன்று. மருத்துவரிடம் செல்வதென்றால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் ஆகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். கடை மாத்திரைக்கு ஆகும் செலவு அவற்றின் முன் அற்பமானது. வலி மறுநாள் தணியலாம் என்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலான நேரங்களில் மெய்யாகவே செய்கிறது. நாள்தோறும் தனித்தனியே சரியாகத் தோன்றும் கணக்குகள், ஐந்தாம் நாளில் ஓர் உயிரையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் பணயம் வைத்த கணக்காக முடிகின்றன. இதனை அறியாமை என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடுவது நிருவாகத்தின் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும்.

கிருமிக் கொல்லி: மிகையும் குறையும்

இந்நோயைக் காரணம் காட்டி, தொண்டை வலி ஒவ்வொன்றுக்கும் கிருமிக் கொல்லி வழங்க வேண்டும் என்று வாதிடுதல் பொருந்தாது. வைரஸ் நோய்க்கு அம்மருந்து பயன்படுவதில்லை. தேவையின்றியும் அரைகுறையாகவும் பயன்படுத்தப்படுவதால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் உலகில் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவில் சில முக்கியக் கிருமிக் கொல்லிகள் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, மருத்துவர் சீட்டின்றி விற்பதற்குக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது. மருந்து அட்டையில் காணப்படும் சிவப்புக் கோடும் இதனையே நினைவூட்டுகிறது. 2017-இல் இதற்கென தேசிய செயல் திட்டமும் வகுக்கப்பட்டது.

ஆகவே, ஒரே ஊரில் இரு தவறுகளும் ஒருங்கே நிகழ்கின்றன. மருந்து தேவையற்றவர் அதனை உட்கொள்கிறார். தேவைப்படுபவர் அரைகுறை அளவில் உட்கொண்டு நோயை மறைத்துக்கொள்கிறார். வலியும் காய்ச்சலும் தற்காலிகமாகக் குறைவதால் நோய் நீங்கியதாக எண்ணுகிறார். இவ்விரு தவறுகளுக்கும் தீர்வு ஒன்றே: ஆறிவிடும் தொண்டை வலியையும் ஆபத்தான தொண்டை வலியையும் வேறுபடுத்தி அறியும் திறன், முதலில் நோயாளியைச் சந்திப்பவரிடம் இருத்தல் வேண்டும்.

பொருளாதார நோக்கு

டான்சிலை ஒட்டிய கட்டியிலிருந்து சீழை ஊசியால் உறிஞ்சுவது, பயிற்சி பெற்ற மருத்துவர் சில நிமிடங்களில் முடிக்கத்தக்க செயல். சொத்தைப் பல்லை அடைப்பதோ பிடுங்குவதோ அதனினும் எளிது. சீழ் நெஞ்சறைக்குள் இறங்கியபின் தேவைப்படுபவை அறுவை அரங்கும், மூச்சுக் கருவியும், வாரக் கணக்கில் தீவிர சிகிச்சையும் ஆகும். நோய் ஒன்றே, செலவு மட்டும் காலத்தைப் பொறுத்துப் பன்மடங்காகிறது. பொதுச் செலவினத்தை எந்த நிலையில் மேற்கொண்டால் பயன் மிகுதி என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது எனத் தேசிய சுகாதாரக் கணக்குகள் தெரிவிக்கின்றன. இது முன்னேற்றமே. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்த் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பு உண்டு. கர்நாடகத்தில் இது மாநிலத் திட்டத்துடன் இணைத்துச் செயற்படுத்தப்பட்டது. ஆயினும், இக்காப்பு மருத்துவமனையில் சேர்ந்தபின் உதவுவது. முதல் நான்கு நாட்களின் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் அது ஈடு செய்வதில்லை. நோயாளியின் முடிவைத் தீர்மானிப்பவை அந்நான்கு நாட்களே.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அபாய அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். வாய் திறக்க இயலாமை, எச்சில் வழிதல், குரல் மாறுதல், ஒரு பக்கத்தில் மட்டும் கடும் வலி, கழுத்து விறைப்பு, தாடைக்குக் கீழே கடின வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல், அறிவு மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். இப்பட்டியலை ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியர் ஆகியோரிடம் மட்டுமன்றி, மருந்துக் கடைக்காரரிடமும் சேர்ப்பிப்பது இன்றியமையாதது. நோயாளி முதலில் நாடுவது பெரும்பாலும் அவரையே.

இரண்டாவதாக, ஆரம்ப நிலையங்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சமவெளியில் 30,000 மக்களுக்கும், மலை, பழங்குடியினர் பகுதிகளில் 20,000 மக்களுக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நம் நாட்டின் நெறிமுறை. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என 2023-இல் பெயர் மாற்றம் பெற்ற நிலையங்களின் விரிவாக்கப்பட்ட பணிகளுள் காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சையும் வாய் நலமும் இடம்பெற்றுள்ளன. ஏட்டில் உள்ள இப்பணி நடைமுறைக்கு வர, கைவிளக்கும், சர்க்கரை அளக்கும் கருவியும், ஊசி வழி செலுத்தும் முதல் தவணை மருந்தும், பயிற்சி பெற்ற ஊழியரும் தேவை. இவை பெருஞ்செலவுக்குரியவை அல்ல.

மூன்றாவதாக, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முறை செம்மையுற வேண்டும். 108 ஊர்திச் சேவை கர்நாடகத்தில் 2008 முதல் உள்ளது. நோயாளியைப் படுக்க வைக்காமல், அவர் விரும்பும் நிலையில் உட்கார வைத்தே கொண்டு செல்ல வேண்டும். மூச்சுத் திணறும் குழந்தையின் வாயை வலிந்து திறந்து சோதித்தல் கூடாது. செப்சிஸ் அறிகுறி தோன்றியவருக்கு ஊசி மருந்தின் முதல் தவணையைக் கொடுத்தபின் அனுப்புவதும், புறப்படும்போதே பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவிப்பதும் அங்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான்காவதாக, தடுப்பில் நாட்டம் வேண்டும். தொண்டை அடைப்பானுக்கு எதிரான தடுப்பூசி 1978-இல் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்திலும், 1985-இல் தொடங்கிய அனைவர்க்குமான தடுப்பூசித் திட்டத்திலும் இடம்பெற்றது. அந்நோய் கழுத்து வீக்கத்தோடு தோன்றிச் சீழ்க்கட்டியெனத் தவறாகக் கருதப்படக்கூடும். குரல்வளை மூடி அழற்சிக்குக் காரணமான கிருமிக்கு எதிரான பாதுகாப்பு, 2011-இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் அடங்கியுள்ளது. பல்லைப் பேணுதலும், புகையிலை மெல்லுதலைக் கைவிடுதலும், நீரிழிவைக் கண்டறிந்து கட்டுப்படுத்துதலும் தொண்டைக்கும் பாதுகாப்பே.

முடிவுரை

தொண்டைச் சீழ்க்கட்டி பெருவாரியாகப் பரவும் கொள்ளை நோயன்று. அதற்கெனத் தனித் துறையோ தனித் திட்டமோ அமைக்கத் தேவையில்லை. ஆனால், ஒரு மாவட்டத்தின் சுகாதார அமைப்பு எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதை அறிய அது ஒரு நல்ல உரைகல். பல் மருத்துவர், மருந்துக் கடை, துணை நிலையம், ஊர்தி, வட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி ஆகிய கண்ணிகள் அனைத்தும் ஒரே நோயாளியின் வாழ்வில் ஐந்து நாட்களுக்குள் சோதிக்கப்படுகின்றன. திங்கட்கிழமை பல்வலியோடு வந்த தொழிலாளியின் வாயைக் கைவிளக்கு கொண்டு நோக்கி, அன்றே பல் மருத்துவரிடம் அனுப்பும் ஊழியர் ஒருவர் அவ்வூரில் இருப்பாராயின், வெள்ளிக்கிழமைப் பயணம் தேவைப்படாது. மைசூருவின் பெரிய மருத்துவமனைகள் அதனால் மதிப்பிழந்துவிடுவதில்லை. அங்குள்ள படுக்கை வேறு வழியில்லாத வேறொரு நோயாளிக்குக் கிட்டும்.